நம் வீட்டு வேலையில் ஏறும் உயிர் நம் அமானத்

(குருசுக்குப்பத்தில் நடந்த மாதாந்திர நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம் என்று பல விஷயங்களை இந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். இன்று ஏணியைப் பற்றியும் படிக்கட்டைப் பற்றியும் பேசப்போகிறோம். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நம்மிடம் வரும் மருத்துவ உதவி மனுக்களை வாசித்துப் பார்த்தால் தெரியும். 'வேலை செய்யும் இடத்தில் தவறி விழுந்து' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. கொத்தனார், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன், சென்ட்ரிங் ஆள், சித்தாள் என்று யாராவது ஒருவர். விழுந்த உயரம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு அடிதான். ஆனால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வருடங்கள் ஆகின்றன.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். நாடே பேசியது. விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் பத்திரிகையில் நாலு வரி வரலாம், வராமலும் போகலாம். அதற்குக் கமிஷன் கிடையாது. அந்தத் தெருவில் இருக்கும் நாம்தான் பாடம் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இது யாருடைய பொறுப்பு என்பதைப் பேசிவிடுவோம். வீட்டுக்காரரைக் கேட்டால், "கான்டிராக்டரிடம் விட்டாச்சு" என்பார். கான்டிராக்டர், "மேஸ்திரி பார்த்துக்குவார்" என்பார். மேஸ்திரியோ, "அவனவன் பார்த்து ஏறணும்" என்பார். கடைசியில் பொறுப்பெல்லாம் தினக்கூலிக்கு வந்த அந்த ஆளின் தலையில் வந்து நிற்கிறது. ஏணி மட்டும் அவருடையது அல்ல.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. கட்டிடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமே, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. நம் பகுதியில் நடக்கும் வேலைகள் எப்படிப்பட்டவை? மேலே ஓர் அறை எடுப்பது, தளம் உரித்துப் போடுவது, வெளிப்பூச்சு, பெயிண்ட். இந்த வேலைகளைப் பார்வையிட அதிகாரி யாரும் வரமாட்டார். அங்கே அதிகாரி வீட்டுக்காரர்தான்.

மார்க்கம் ஓதியவர்களுக்கு ஒரு ஹதீஸ் நினைவிருக்கும். சுற்றுச்சுவர் இல்லாத மாடியில் இரவில் உறங்குபவரை விட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. தன்னைத்தானே அபாயத்தில் வைத்துக்கொள்பவரையே இப்படி எச்சரிக்கிற மார்க்கம், கூலிக்கு வந்த இன்னொருவரை அபாயத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை எப்படிச் சும்மா விடும்? "அல்லாஹ் காப்பாத்துவான்" என்பது நம் ஈமான். அதைச் சொல்லிக்கொண்டே ஆடுகிற ஏணியில் ஆளை ஏற்றுவது தவக்கல் ஆகாது. நம் வீட்டு வேலைக்கு வந்து ஏறுகிற உயிர், வேலை முடிந்து இறங்குகிற வரை நம்மிடம் இருக்கும் அமானத்.

ஆண்கள் கடைக்கும் வேலைக்கும் போன பிறகு, வீட்டில் நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தாய்மார்கள்தான். அவர்களும் எளிதில் நினைவு வைத்துக்கொள்ள மூன்று இடங்களைச் சொல்கிறோம்: ஏணியின் கால், ஏணியின் தலை, ஏறுபவரின் கை.

முதலில் ஏணியின் கால். கடலோரம் என்பதால் நம் பக்கம் மண்ணெல்லாம் மணல். ஆள் ஏறினால் ஒரு கால் மட்டும் புதைந்து ஏணி சாயும். அடியில் ஒரு கெட்டியான பலகை போட வேண்டும். உயரம் பத்தவில்லை என்று செங்கல் அடுக்கியோ, டிரம் மீதோ, மேஜை மீதோ ஏணியை வைக்கக் கூடாது. டைல்ஸ் தரையில் ஏணி வழுக்கும். காலுக்கு ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் ஓர் ஆள் கீழே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது, செல்போனும் பார்க்கக் கூடாது.

சாய்வுக்கு உலகமெங்கும் ஒரே கணக்குதான்: நாலுக்கு ஒன்று. ஏணி சாய்ந்திருக்கும் இடம் 12 அடி உயரம் என்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ஏறுபவர் பின்னால் சாய்வார். விலகினால் ஏணியின் கால் வழுக்கும். டேப் தேவையில்லை. ஏணியின் காலருகே பெருவிரல் படும்படி நிமிர்ந்து நின்று, கைகளைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுங்கள். உள்ளங்கை ஏணியின் படியில் பட்டால் சாய்வு சரி.

அடுத்தது ஏணியின் தலை. மாடியில் ஏறி இறங்க வைக்கும் ஏணி, தளத்துக்கு மேலே 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏணியை விட்டுத் தளத்தில் கால் வைக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஆள் தடுமாறுவார்; அப்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஆகவே 12 அடி உயரத் தளத்துக்கு 12 அடி ஏணி போதாது. 16 அடி ஏணி வேண்டும். இரண்டு சின்ன ஏணிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி நீளமாக்குவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். தலைப்பக்கத்தை அசையாத ஒன்றில் கட்டிவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடியிலும், பழைய பைப்பிலும், துருப்பிடித்த கம்பியிலும் சாய்க்கக் கூடாது.

துரு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருடம் நன்றாக இருந்த இரும்பு ஏணியின் பற்றவைப்பு இந்த வருடம் பிட்டுக்கொள்ளும். மூங்கில், சவுக்கு ஏணிகளில் கயிறு தளர்ந்திருக்கும், படி வெடித்திருக்கும். ஒரு படி போய்விட்டால், "அதைத் தாண்டி மிதிச்சுக்கலாம்" என்பார்கள். அது ஏணி அல்ல, விறகு. மர ஏணிக்குப் பெயிண்ட் அடிப்பதும் தவறு. உள்ளே இருக்கும் வெடிப்பு தெரியாமல் போகும்.

மூன்றாவது, ஏறுபவரின் கை. ஏணியில் ஏறும்போது இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால், ஆக மூன்று எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். முகம் ஏணியைப் பார்த்தே இருக்க வேண்டும், இறங்கும்போதும் அப்படித்தான். பக்கத்தில் எட்டாத இடத்துக்கு உடம்பை வளைத்து எட்டக் கூடாது. தொப்புள் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கட்டும். எட்டவில்லை என்றால் இறங்கி ஏணியை நகர்த்துவதுதான் வழி. சாத்தி வைத்த ஏணியில் மேல் மூன்று படிகளில் நின்று வேலை செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஏறக் கூடாது.

இந்தக் கணக்கை வைத்து நம் சித்தாள் பெண்களை நினைத்துப் பாருங்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, ஒரு கை சட்டியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை சேலையைப் பிடித்திருக்கிறது. ஏணியைப் பிடிக்கக் கை எங்கே? சுமையோடு ஏணியில் ஆளை ஏற்றவே கூடாது. கப்பியும் கயிறும் கட்டி வாளியில் இழுத்துக்கொள்ளலாம். அதன் வாடகை, எலும்பு முறிவு வைத்தியத்தில் ஒரு நாள் செலவுக்குக்கூட வராது. வாளியின் அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நம் தெருக்கள் குறுகலானவை. பால்கனிக்கு எதிரிலேயே மின்கம்பி போகிறது. அலுமினிய ஏணியைத் தூக்கி நிமிர்த்தும்போது அது கம்பியில் பட்டால், தூக்கியவரை மட்டுமல்ல, காலைப் பிடித்தவரையும் சேர்த்து அடிக்கும். கம்பிக்கும் ஏணிக்கும் குறைந்தது 10 அடி இடைவெளி வேண்டும். அது இல்லாத இடத்தில் முன்கூட்டியே மின்துறையில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வேலை செய்யுங்கள். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், நனைந்த ஏணியில் ஆளை ஏற்றாதீர்கள். ஒரு நாள் வேலை தள்ளிப்போனால் போகட்டும்.

இனி படிக்கட்டு. ஏணியைக் கண்டால் கொஞ்சமாவது பயம் இருக்கும். படிக்கட்டில் அதுவும் இல்லை. முகலாயப் பேரரசர் ஹுமாயூன் போர்க்களத்தில் இறக்கவில்லை. 1556 ஜனவரியில் டில்லியில் தம் நூலக மாடியிலிருந்து இறங்கும்போது பாங்கு ஓசை கேட்டு, மரியாதைக்காகப் படியிலேயே மண்டியிடப் போனார். அங்கியில் கால் சிக்கி உருண்டு விழுந்தார். தலையில் பட்ட காயத்தால் சில நாளில் மவுத்தானார். செங்குத்தான வழவழப்பான கற்படி, கால் வரை தொங்கும் உடை, பிடித்துக்கொள்ள ஏதுமில்லாமை. இன்று கைலியும் புர்காவும் துப்பட்டாவும் உடுத்திக்கொண்டு பூச்சு முடியாத படிக்கட்டில் நாம் ஏறுவதும் இதே நிலைதான்.

வேலை நடக்கும் வீட்டில் படிக்கட்டுக் கான்கிரீட் போட்டுப் பலகை பிரித்த நாளிலிருந்தே எல்லோரும் அதில் ஏறி இறங்குவார்கள். கிரில் வைக்கவோ ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்துக்குத் திறந்த பக்கத்தில் சவுக்குக் கழியை 3 அடி உயரத்தில் குறுக்கே கட்டிவிடுங்கள். மாடியில் படிக்கட்டுக்காக விட்ட திறப்பையும் அடைத்து வையுங்கள்; நம் பிள்ளைகள் பட்டம் விட மேலே ஓடுவார்கள். படியின்மேல் மணல், செங்கல், ஆணி அடித்த பலகை கிடக்கக் கூடாது. இருட்டும் முன் ஒரு பல்பு போடுங்கள்.

படிகளின் உயரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வீட்டுப் படிக்கு உயரம் 19 சென்டிமீட்டருக்கு மிகாமலும் மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. இடம் பத்தவில்லை என்று செங்குத்தாக ஏற்றிவிட்டால் வாழ்நாளெல்லாம் அத்தாவும் அம்மாவும் அதில்தான் ஏற வேண்டும். இன்னொன்று, தரைக்கு டைல்ஸ் ஒட்டும்போது முதல் படி ஓர் அங்குலம் குறைந்துவிடும். கடைசிப் படியும் மாறிவிடும். கால் பழைய கணக்கிலேயே போகும், தடுக்கும். கான்கிரீட் போடும் முன்பே டைல்ஸ் கனத்தைச் சேர்த்துக் கணக்குப் போடும்படி மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நோன்பு வருமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், பெருநாளைக்கு சீரியல் விளக்கு கட்டவும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியைச் சரிசெய்யவும் நீங்கள்தான் முதலில் ஏறுகிறீர்கள். அந்த ஆர்வத்துக்கு அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் நோன்பு வைத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு, தலை சுற்றும் நேரத்தில் ஏறாதீர்கள். நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறாதீர்கள். கீழே ஆள் இல்லாமல் ஏறாதீர்கள்.

நம் ஊரில் இப்போது பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சொல்லிவிட்டோம் என்று இருக்காமல், ஏணியை எப்படி வைப்பது என்று செய்து காட்டுங்கள். அவர்களுக்கும் ஊரில் தாய் காத்திருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் விழுந்துவிட்டால், பதற்றத்தில் கை, காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகுத்தண்டு பாதித்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால்கள் விளங்காமல் போகலாம். அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தலை அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், கடும் தலைவலி வரலாம். கட்டாயம் மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

கட்டுமான வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதங்களில் 90 நாளாவது கட்டிட வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம் என்பது அந்த 1996 சட்டம் வகுத்த தகுதி. விபத்துக்குப் பிறகு அட்டையைத் தேடுவதில் பயனில்லை. விண்ணப்பம் எழுத நம் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உதவி செய்கிறோம்.

நிர்வாகக் குழுவில் இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒன்று, 16 அடி ஏணி ஒன்று, கயிறு, கப்பி, நான்கு தலைக்கவசம் ஆகியவற்றை வாங்கி அலுவலகத்தில் வைக்கிறோம். வாடகை இல்லை; பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம், எந்தச் சமுதாயத்தவரும் எடுத்துச் செல்லலாம். இரண்டு, வீடு பழுதுபார்க்க நாம் தரும் உதவித்தொகையில் படிக்கட்டுக் கைப்பிடியும் மாடிக் கைப்பிடிச் சுவரும் முதல் செலவாக இருக்க வேண்டும். அறையும் பூச்சும் பெயிண்டும் அதற்குப் பிறகுதான்.

விழுந்தவரின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி கொடுப்பது நன்மைதான்; அதை விடமாட்டோம். ஆனால் அவர் விழாமல் மாலையில் கூலியோடு வீடு திரும்பினால், நம் அரிசி அந்த வீட்டுக்குத் தேவைப்படாது. அதற்கு நம்மிடம் கேட்கப்படுவது ஒரு பலகை, ஒரு கயிறு, கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்.

உழைக்கப் போகும் ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக. நம் கையில் இருக்கும் அமானத்தைப் பேணும் மக்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.