ஆரஞ்சு பாக்கெட்டா, நீல பாக்கெட்டா?

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன்ல இறங்கி அனல் மின் நிலையத்துக்கு ஷிப்டுக்குப் போறவங்க, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போறவங்க, எல்லாருக்கும் பொதுவான சந்தேகம் இது: "கொலஸ்ட்ரால்னு சொல்லிட்டாங்க, பாலை மாத்தணுமா?"

யார் எவ்வளவு குடிக்கிறீங்கங்கறதைப் பொறுத்தது. ஆவின் ஆரஞ்சு பால்ல கொழுப்பு 6 சதவீதம், பச்சையில 4.5, நீலத்துல 3. இருமுறை சமன்படுத்தின பால்ல 1.5தான். கொழுப்பை எடுத்துட்டா சுண்ணாம்புச் சத்தும் போயிடும்னு பயப்படாதீங்க, போகாது. புரதமும் அப்படியே இருக்கும்.

தினம் அரை லிட்டர் ஆரஞ்சு பாலை ஒருத்தரே குடிச்சா 30 கிராம் கொழுப்பு. அதுல ஏறக்குறைய 18 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்துற வகை. 2000 கலோரி சாப்பிடுறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பே 22 கிராம்தான். அவர் மாறித்தான் ஆகணும். ஆடையை எடுத்துடுறேன்னு சொல்றவங்க, அந்த ஆடை நெய்யாகி யார் தோசைக்குப் போகுதுன்னும் பாருங்க!

டீ மட்டும் குடிக்கிறவர் கதை வேற. ஒரு டீக்கு 60 மில்லி பால்னு வெச்சுக்குவோம். ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் 16 கலோரி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை மட்டும் 40 கலோரி! நைட் ஷிப்டுல அஞ்சு டீ போனா 50 கிராம் சர்க்கரை. ஒரு நாள் முழுசுக்கும் உண்டான வரம்பு அங்கேயே முடிஞ்சுது. இவர் பாக்கெட்டை மாத்தி என்ன புண்ணியம்? மாஸ்டர்கிட்ட சர்க்கரை இல்லாம கேட்டு வாங்கணும்.

2018-ல லான்செட் இதழ்ல இந்தியா உட்பட 21 நாடுகள்ல, 1.36 லட்சம் பேரை வெச்சுப் பார்த்த ஆய்வு வந்துது. பால், தயிர் சேர்த்துக்கிட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பாதிப்பு குறைவாவே இருந்துது. பால்தான் காப்பாத்துச்சுன்னு அதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பாலை அடியோட நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தாலோ, மாரடைப்பு வந்திருந்தாலோ இருமுறை சமன்படுத்தின பால் வாங்குங்க; அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க. மத்தவங்களுக்கு நீலமே தாராளம். ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்க வேண்டாம்.