அந்த ஒற்றைப் படி

விடியற்காலையில் ஏரிக்கரையில் குப்பை பொறுக்கிவிட்டு, கை கழுவிய ஈரம் காயாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தன்னார்வலர்களே!

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி... ஏரியை நம்பி எழுந்த ஊர்கள் இவை. மழைக்கு முன்னால் ஊரார் மண்வெட்டி எடுத்துக்கொண்டு கரைக்குப் போன காலம் உண்டு. அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

அந்தக் குணம் இன்னும் சாகவில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்தபோது, 'கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம்' பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் நின்றது. ஆவடியில் கழிவுநீர் சேர்ந்து நாறிய பருத்திப்பட்டு ஏரி, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடைபாதை! டாக்டர் சொன்ன நடையை நடக்க நமக்கு ஒரு கரை கிடைத்தது.

மகிழ்ச்சி. ஆனால் நான் பேச வந்தது நடக்கிறவர்களைப் பற்றி அல்ல. வீட்டு வாசலோடு நின்றுவிட்டவர்களைப் பற்றி.

கரைக்கு ஏற ஒரே ஒரு படி இருக்கிறது, 1 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணில் அது படவே படாது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ ஏரி அந்தப் படியோடு முடிந்துபோகிறது. 1-க்கு 12 என்பது சாய்தளத்தின் கணக்கு. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், அவ்வளவுதான் வேலை. பைக் வரக்கூடாது என்று வாசலில் கம்பம் நடுகிறோம். பைக்கில் வருகிறவர் நெளிந்து உள்ளே போய்விடுகிறார். சக்கர நாற்காலிதான் வெளியே நிற்கிறது!

இந்தத் தடைகளை நீக்குவது இரக்கப்பட்டுச் செய்யும் காரியம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்திருக்கும் உரிமை. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பரில் கடலை நோக்கி மரப்பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சீரமைத்தார்கள். பாதை போடுவது ஒரு நாள் விழா. காப்பது அன்றாட மராமத்து. அங்கேதான் நீங்கள் வேண்டும்.

நம் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வாருங்கள். ஆள்காட்டி எந்தப் பக்கம் கத்துகிறது, முக்குளிப்பான் எங்கே முங்குகிறது என்று அவர்கள் காதால் கண்டு நமக்குச் சொல்வார்கள். கைப்பிடிக் கயிறும் மேடு பள்ளமில்லாத தரையும் மட்டும் நாம் தரவேண்டும்.

பழைய குடிமராமத்தில் ஒரு குறையும் இருந்தது. மண் சுமந்தவர் ஒருவர், தண்ணீர் பாய்ந்த வயல் வேறொருவருடையது. நம் மராமத்தில் அந்தக் குறை வேண்டாம்; கரையின் பயன் எல்லோருக்கும் சேரட்டும்.

அடுத்த ஞாயிறு மண்வெட்டியோடு ஓர் அளவு நாடாவும் கொஞ்சம் சுண்ணாம்பும் கொண்டு வாருங்கள். கைத்தடி ஊன்றும் உங்கள் தாத்தாவையும், தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் தங்கச்சியையும் கூட்டி வாருங்கள். அவர்கள் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்களோ, அந்த இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். முதல் மண்வெட்டி அங்கே விழட்டும்.