'ஆல்' என்னும் இரண்டெழுத்து

(ஹட்டனில் மாலை வகுப்பு ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் 'இஃப்' என்னும் சொல்லோடு வரும் நிபந்தனை வாக்கியங்களைக் கற்பிப்பது பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். இது உறக்கத்தை வரவழைக்கும் விஷயம் என்று பின்வரிசைத் தம்பிமார் எண்ணுவது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆகையால் இலக்கணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது மாணவன் ஒருவனுடைய வீட்டுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தது. தகப்பனார் தோட்டத் தொழிலாளி. மகனை வாசிக்கச் சொன்னார். "சான்றிதழை அனுப்பினால் விண்ணப்பத்தைக் கவனிப்பார்களாம், அப்பா" என்றான் மகன். மறுநாள் அவர் பெரட்டுக்குப் போகவில்லை. ஒரு நாட்பேரை இழந்து, சான்றிதழைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு, நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார். கடிதத்தில் இருந்ததோ, 'விண்ணப்பத்தோடு சான்றிதழை அனுப்பியிருந்தால் கவனித்திருப்போம்' என்பது. பூட்டிய கதவைத் திறந்த கதவென்று வாசித்துவிட்டான் பையன்.

அவனைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. நாம் வைத்த பரீட்சையில் இதே பாடத்தில் இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி வாங்கியவன் அவன்! முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று சூத்திரம் எழுதிப்போட்டு, கீறிட்ட இடங்களை நிரப்பச் சொன்னோம், நிரப்பினான். பொருளை நாம் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. 'அனுப்பினால்' வேறு, 'அனுப்பியிருந்தால்' வேறு என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அந்த அறிவை வகுப்பறை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் செய்தது நாமே.

அன்று முதல் கரும்பலகையில் தமிழை முதலில் எழுதுகிறோம். 'நிறை குறைந்தால் அரைப்பேர்', 'மழை பெய்தால் கொழுந்து கூடும்' என்பன போன்ற வாக்கியங்களைப் பிள்ளைகளே சொல்வார்கள். மலையிலும் லயத்திலும் நாள்தோறும் கேட்பவையல்லவா! பிறகு, 'பெய்தால்' என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். நாளைய மழையைப் பற்றிய பேச்சுத்தான்; ஆயினும் 'பெய்த' என்னும் இறந்தகால உரு உள்ளே ஒளிந்திருக்கிறது. வந்தால், எடுத்தால், குறைந்தால் யாவும் அப்படியே. நம் பிள்ளைகள் 'இஃப் இட் ரெயின்ட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கி, 'வீ வில்' என்று எதிர்காலத்தில் முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது அபிப்பிராயம். அது மடமையன்று, தமிழை நம்பி நடந்த நடை. ஆங்கிலமோ நடக்கக்கூடிய காரியத்துக்கு 'இஃப் இட் ரெயின்ஸ்' என்று நிகழ்காலத்தையே கேட்கிறது. தொல்காப்பியர் வினையியலிலே 'செயின்' என்றொரு வாய்பாடு சொல்லியிருக்கிறார். வரின், பெய்யின் என்னும் அவ்வடிவங்களில் இறந்தகாலக் குறி கிடையாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு 'பெய்யின்' என்று ஒருமுறை எழுதிக்காட்டினால், 'ரெயின்ஸ்' என்பதும் மனத்தில் தங்கிவிடுகிறது. தமிழ் வாத்தியாரும் மகிழ்ந்து போவார்!

'அன்லெஸ்' என்பதற்கு அதிக நேரம் வேண்டாம். 'வராவிட்டால்' என்பதிலுள்ள 'ஆ' என்னும் எதிர்மறையை அச்சொல் ஏற்கெனவே விழுங்கியிருக்கிறது. மேலும் ஒரு 'நாட்' போடாதிருந்தால் போதும்.

இனி, அந்தக் கடிதத்து வாக்கியத்துக்கு வருவோம். 'ஹேட்' என்பதன் பின்னால் இன்னொரு வினை வந்தால் (ஹேட் சென்ட் என்பது போல), அங்கே நமது 'இரு' என்னும் துணைவினையை வைத்துப் பார்க்க வேண்டும்: அனுப்பி-இருந்தால். முடிவில் வரும் 'வுட் ஹேவ்' என்பதிலும் அதே 'இரு': கவனித்து-இருப்போம். இரண்டு மொழியிலும் ஒரு துணைவினை வந்து நின்று, காரியம் கடந்துபோயிற்று என்று கதவைச் சாத்துகிறது. இதைக் கண்ட பிள்ளைக்கு மூன்றாம் வகைச் சூத்திரம் வேண்டியதில்லை.

மெய்யாகவே கடினமானது வேறொன்று. 'எங்களுக்குக் காணி இருந்தால் வீடு கட்டுவோம்.' இந்த ஒரே தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். 'இஃப் வீ ஹேவ் லேண்ட், வீ வில் பில்ட்' என்றால், காணி இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். 'இஃப் வீ ஹேட் லேண்ட், வீ வுட் பில்ட்' என்றால், காணி இல்லை. இல்லாமையை ஒப்புக்கொண்டு பேசும் பேச்சு. தமிழ் இவ்விடத்தில் வினையுருவில் வேற்றுமை காட்டுவதில்லை. குரலும் சந்தர்ப்பமும் காட்டிவிடும். ஆகவே நாம் எழுத விடுமுன் கேட்கிறோம்: "தம்பி, காணி உண்டா, இல்லையா, தெரியாதா?" ஏழு பேர்ச் காணி என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கேள்விக்குச் சிரிக்கிறார்கள். சிரித்தபின் 'ஹேட்' என்று பிழையின்றி எழுதுகிறார்கள்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னே வரும். பலன் பின்னே வரும். ஆங்கிலச் சட்டத்திலோ பலனை முதலில் சொல்லிவிட்டு, 'இஃப்' என்பதை வால்போல ஒட்டுவது வழக்கம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவழிப் பிரசை ஆவார் என்று வாக்கியம் தொடங்குகிறது. எத்தனை ஆறுதல்! பிறகு வருகிறது 'இஃப்': தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால். தகப்பனின் பிறப்புக்கே பத்திரமில்லாத லயத்துக் குடும்பம் பூட்டனின் பிறப்புக்கு எங்கே போகும்? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும் இன்னொரு நிபந்தனை வைத்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் பல லட்சம் பேரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவராகவே இருந்தோர் பலர். இவற்றையெல்லாம் இலக்கணம் தீர்த்திருக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. தம்மைப் பற்றிய அந்த வாக்கியத்தை நம் பாட்டன்மாரில் அநேகர் பிறர் வாயால்தான் கேட்டார்கள் என்பதையே சொல்கிறோம்.

ஆதலால் எமது வகுப்பில் பாடப்புத்தகத்தோடு வேறொன்றும் உண்டு. வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து ஆங்கிலத்தில் உள்ள ஏதேனும் ஒரு காகிதத்தைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். சம்பளத் துண்டாயினும் சரி, வங்கிக் கடிதமாயினும் சரி. பெயர்களை மறைத்துவிட்டு, வாக்கியத்தின் வால்வரை தேடி, 'இஃப்' எங்கே இருக்கிறது என்று கோடிடுகிறோம். திறந்த கதவா, சாத்திய கதவா, இல்லாத கதவா என்று ஓரத்தில் தமிழில் எழுதச் சொல்கிறோம். இதற்குப் புள்ளி போடுவதில்லை.

நாம் முதலிற் சொன்ன கடிதத்தைத் தகப்பனாரே மனமுவந்து எமக்குத் தந்தார். பெயரும் இலக்கமும் நீக்கிய பிரதிகள் இதோ இருக்கின்றன. பின்வரிசைத் தம்பிமாரிடமிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.