புரோகிராம் திறக்கலையா? உடனே ஃபார்மட் வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம்ம வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து ரொம்ப நாளாச்சு. 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைங்க வாங்கினதும் இருக்கு, கம்பெனிச் சம்பளத்தில் வாங்கினதும் இருக்கு. பிள்ளைங்க படிப்பும் அதில்தான், சில குழுக்களின் சேமிப்பு, கடன் கணக்கும் அதில்தான்.

ஒருநாள் புரோகிராமைத் தட்டினால் திறக்காது. 'விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு சின்னப் பெட்டி வரும். கடைக்குத் தூக்கிட்டுப் போனா, "ஃபார்மட் பண்ணணும்மா" என்பாங்க. எல்லாக் கடையும் அப்படியில்லை, ஆனா அதுதான் அவங்களுக்குச் சுலபம். ஃபார்மட் என்றால் சி டிரைவை மொத்தமாகத் துடைக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கு. குழுக் கணக்கும் சேர்ந்து போயிடும்.

அந்தப் பெட்டி சொல்வது என்ன? விடியக்காலை இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் ரோட்டில் கம்பெனி பஸ்ஸாத்தான் ஓடுது. ஒரே டிராவல்ஸ் பஸ் பல கம்பெனிக்கு ஆள் ஏத்தும். பஸ் வரலேன்னா, உள்ளே மெஷின் நல்லா இருந்தும் ஷிப்ட் ஓடாது. அந்த பஸ் மாதிரிதான் ரன்டைம். பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற துணைப் பொருள். விஷுவல் சி பிளஸ் பிளஸ், டாட்நெட், ஜாவா என்று இதில் பல உண்டு.

இது ஏன் கெடுது? ஏத்தும்போது பாதியில் கரண்ட் போயிருக்கலாம். இன்னொண்ணு, இடம் காலி பண்றோம்னு நாமே நீக்குறது. புரோகிராம் பட்டியலில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2008, 2010, 2013 என்று வரிசையா நிற்கும். ஒண்ணுதானே போதும்னு தோணும். தோணட்டும், கை வைக்காதீங்க. ஒவ்வொரு வருஷத்துப் பதிப்பும் வேற வேற புரோகிராமுக்கு. 2015-லிருந்து வந்தவைதான் ஒரே தொகுப்பாச்சு.

முதல் வேலை, கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் ஏத்துங்க. புரோகிராம் திறக்கலேன்னாலும் ஃபைல் பத்திரமாத்தான் இருக்கும். பெட்டியை போனில் போட்டோ எடுங்க. அந்தப் பெயரை வச்சுத்தான் எந்த ரன்டைம் போச்சுன்னு தெரியும். ஒருமுறை கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

சரியாகலேன்னா, செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், அந்தப் பெயரில் 'மாடிஃபை' கொடுத்தால் 'ரிப்பேர்' பொத்தான் வரும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துடும். பட்டியலில் அதுவே இல்லைன்னா மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்தில் இலவசமா எடுத்து ஏத்தலாம். எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு இருக்கும். 64 பிட் கம்ப்யூட்டருக்கு இரண்டையும் போடணும், ஏன்னா பழைய 32 பிட் புரோகிராமும் அதில் ஓடும். பழைய புரோகிராம் ஒண்ணு 'டாட்நெட் 3.5 வேணும்'னு கேட்டால், பெரும்பாலும் கன்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பகுதியில் டிக் போட்டாலே போதும். நெட் இருக்கணும்.

டிஎல்எல் ஃபைலை மட்டும் தனியா தர்றோம் என்று கூப்பிடுகிற தளங்கள் ஏராளம். அந்தப் பக்கமே போகாதீங்க. வைரஸோடு வரலாம், வங்கிப் பாஸ்வேர்டைத் திருடுவதும் அந்த வழிதான். வைரஸ் இல்லேன்னாலும், பதிப்பு மாறினால் புரோகிராம் ஓடாது.

விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினி என்றால் ஒரு விஷயம். அதுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-டோடு நின்னுபோச்சு. புதுப் புரோகிராம்கள் சிலது அதில் ஏறாது, ரன்டைம் மேல பழி போட்டுப் பிரயோஜனமில்லை.

இவ்வளவும் செஞ்சு முடியலேன்னா கடைக்குப் போகலாம். பென்டிரைவ் வீட்டில் இருக்கட்டும், போட்டோவைக் காட்டி, "ரன்டைமை மட்டும் ரிப்பேர் பண்ணிப் பாருங்க, ஃபார்மட் பண்றதுன்னா எங்களைக் கேட்டுட்டுப் பண்ணுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.