விதைநெல்லும் மீன்குஞ்சும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நெல் விளையும் திருப்பனந்தாளில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். அணைக்கரையைத் தாண்டிச் செல்லும் கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கின்றது. அந்தக் கரையோரத் துறைகளில் இறங்கும் மீன்தான் ஐஸ் பெட்டிகளில் நம் தெருவுக்கு வந்து சேர்கின்றது.

சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்துக்கு, மலிவாகக் கிடைத்ததென்று கூடை கூடையாக வஞ்சிரம் வாங்கி வந்தனர். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இல்லை. நாமும் அமர்ந்து உண்டோம்; சுவையாகவே இருந்தது. வஞ்சிரம் ஒரு முழத்துக்கும் அதிகமாக வளர்ந்த பின்னரே முட்டையிடும் பருவத்தை அடைகின்றது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அப்படியானால் அன்று நம் தட்டுகளில் இருந்தவற்றுள் ஒன்றுகூட ஒருமுறையேனும் இனம் பெருக்கியிராது. விதைநெல்லைக் குத்திப் பொங்கும் விவசாயியை இவ்வூரில் எவரேனும் கண்டதுண்டா? பஞ்சத்திலும் குதிரில் இருந்த விதையைத் தொடாத பாட்டன்மார்களின் பேரர்களல்லவா நாம்!

இந்த விதையைக் காக்கவே மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாட்களாக, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே அந்நாட்களில் மீன் குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். அதைச் சொல்லி முணுமுணுப்பவர்கள் நம்மிலும் உண்டு.

ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இஹ்ராமில் இருப்பவருக்குத் தரைவேட்டைதானே ஹராம்? கடல்வேட்டையை மார்க்கமே அனுமதித்திருக்க, இவர்கள் எப்படித் தடுக்கலாம்?" கேள்வி நல்ல கேள்வி. ஆனால் உண்ண அனுமதிப்பது வேறு, அழிக்க அனுமதிப்பது வேறு. ஓடும் ஆற்றில் உளூச் செய்யும்போதும் தண்ணீரை விரயமாக்கலாகாது என்பதை மக்தபுப் பிள்ளைகளும் அறிவர். ஆற்று நீருக்கே அந்தப் பேணுதல் என்றால், உயிருள்ள குஞ்சுகளுக்கு எவ்வளவு வேண்டும்! அன்றியும், பொதுநலன் கருதி ஆட்சியாளர் விதிக்கும் முறைக்குக் கட்டுப்படுவது நம் கடமையே.

தடைக்காலம் முடிந்தபின் நடப்பதையும் சொல்லவேண்டும். இழுவைப் படகு தன் வலையைக் கடலின் அடித்தரையோடு இழுத்துச் செல்கின்றது. வலையின் கடைப்பையான மடியில் கண்ணின் அளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கலாகாது. இவை விதிகள். கண் சிறுத்தால் குஞ்சுகள் தப்ப வழியில்லை. விற்க முடியாத பொடிகளை இராமேசுவரம் பக்கம் 'சங்காயம்' என்கின்றனர். அவை அரைபட்டுக் கோழித் தீவனமாகவும் இறால் தீவனமாகவும் போகின்றன. நாளை கிலோக் கணக்கில் எடை நிற்கவேண்டிய மீன் இன்று மாவாகின்றது.

வலை கிழித்துச் செல்லும் அந்த அடித்தரையில்தான் கடற்புல் வளர்கின்றது. குஞ்சுகள் ஒளிந்து வளரும் தொட்டில் அது. ஆவுளியா எனும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலமும் அதுவே. நம் தஞ்சை மாவட்டமும் புதுக்கோட்டை மாவட்டமும் சேர்ந்த பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அதிராம்பட்டினத்தில் உறவினர் உள்ளோர் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இறால் பண்ணைகளின் கதை நமக்குப் புதிதன்று. 1990களில் அவை டெல்டாவின் கடலோரத்தில் பெருகி, உப்புநீர் வயல்களைப் பாழாக்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை மண்டலப் பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பு வந்தது. (நண்டு, இறால் விஷயத்தில் ஹனஃபீ, ஷாஃபிஈ கருத்துவேறுபாட்டை இங்கே கிளப்ப நாம் வரவில்லை, உண்பவர் எங்கிருந்து வந்தது எனக் கேட்டு உண்ணட்டும்.)

மீனவரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. டீசல் கடனும் வட்டியும் அவர்களை விரட்டுகின்றன. பொடிமீனை வாங்கும் கை இருப்பதால்தான் அது சந்தைக்கு வருகின்றது. கேரளத்தில் 2015 முதல் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியையும் 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த கானாங்கெளுத்தியையும் பிடிக்கத் தடை உள்ளது. அந்த அளவை நம் வீட்டுப் பெண்மணிகள் விரலால் அளந்தே கண்டுகொள்ளலாம். நெத்திலியும் காரலும் இயல்பிலேயே சிறியவை. அவற்றை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாப் புட்டு செய்வதை நிறுத்தச் சொல்வீர்களா என்று ஒரு தாய் கேட்டனுப்பினார். சுறா குறைவாகக் குட்டி ஈனும் இனம். ஆயினும் தாய்க்குரிய அந்தச் சிறு பங்கில் கடுமை காட்ட நமக்கு மனமில்லை. விருந்துகளில் சுறாவைத் தவிர்த்தால் போதும்.

நிர்வாகக் குழுவிடம் ஒன்று கேட்டுள்ளோம். நம் மண்டபத்தில் நடைபெறும் விருந்துகளுக்கு ஒரு சாண் வஞ்சிரம் வாங்குவதில்லை என்றும், தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனோ, குளத்தில் வளர்த்த கட்லா, ரோகு, விராலோ வாங்குவதென்றும் தீர்மானம் எழுதவேண்டும். மண்டப வாடகைச் சீட்டின் பின்பக்கத்தில் இதை அச்சிடத் தலைவர் இசைந்துள்ளார். சமையல்காரர்களிடம் நாமே நேரில் பேசுவோம்.