தாளிலிருந்து கணினிக்கு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படம் வரைகிறவனுக்கு மேடையில் என்ன வேலை என்று தயங்கினேன், செயலாளர் விடவில்லை. நான் செய்யும் தொழில் இன்னதென்று காலனியில் பலருக்கு இன்னும் ஐயம் உண்டாதலால், ஒப்புக்கொண்டேன்.

என் தொழில் அனிமேஷன் என்னும் சித்திரப்படம். 1956-இல் இந்த மும்பை நகரில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு தோன்றியது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் இங்கு வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். அவ்வழி வந்த கலைஞர்களிடமே நானும் கற்றேன். எந்த ஸ்டூடியோவிலும் சம்பளத்துக்கு அமராமல், வரும் வேலையை வீட்டிலிருந்தே முடித்துக் கொடுப்பவன் நான்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஒரு சித்திரத்தை இருமுறை காட்டினாலும், ஒரு நிமிட விளம்பரத்துக்கு 720 சித்திரங்கள்! ஒவ்வொன்றையும் கண்ணாடி போன்ற செல் தாளில் கோடிட்டு, அதன் பின்புறத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். தாளில் விரல்ரேகை படாதிருக்கப் பருத்திக் கையுறை அணிய வேண்டும். இப்பணியில் எனக்குத் துணை நின்றவர்கள் இக்காலனித் தாய்மார்கள் நால்வர். மதிய வேளையில் என் வீட்டுக் கூடம் வண்ணக்கிண்ணங்களால் நிறைந்திருக்கும்.

1990-இல் டிஸ்னியார் ஒரு முழுநீளப் படத்துக்கே கணினியால் வண்ணம் தீட்டினர். அந்த அலை என் வாசலை எட்ட 2003 ஆயிற்று. செல் தாள் வேலை அடியோடு நின்றது. கடன் பெற்றுக் கணினியும் டேப்லெட்டும் வாங்கினேன். அப்பலகையில் கை வரையும். கோடோ எதிரே திரையில் தோன்றும். கையைப் பாராமல் வரைவது, நாற்பதைக் கடந்தவனுக்கு எளிதன்று! மூன்று மாதம் என் வட்டங்கள் முட்டைகளாகவே விழுந்தன. தாள்களை விரலிடுக்கில் புரட்டி அசைவைச் சோதித்த பழக்கமும் பயனற்றுப் போயிற்று. முன்வரைந்த சித்திரத்தைத் திரையில் மங்கலாகக் காட்டும் வசதி அதற்கு ஈடாயிற்று. வெங்காயத் தோல் என்று அதற்குப் பெயர். வைத்தவர் சமையலறை அறிந்தவர் போலும்.

வண்ணம் தீட்டுவது நொடிப்பொழுதாயிற்று. ஆனால் கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் வண்ணம் கசிந்து படமெங்கும் பரவிவிடும். அசைவையோ இன்றும் நான்தான் வரைந்தாக வேண்டும். "கணினிதானே வரைகிறது?" என்று ஒரு விளம்பரதாரர் கூலியைப் பாதியாக்கினார். மறுத்தேன், அவ்வேலை போயிற்று. அன்றுமுதல், எத்தனை விநாடி, எத்தனை முறை திருத்தம் என்பதை முன்னரே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். தனித்துத் தொழில் செய்யும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி ஒன்று. வண்ணம் தீட்டிய தாய்மார் நால்வருள் ஒருவர் மட்டும் என்னுடன் கணினியைக் கற்றார். மற்ற மூவரிடம் "அடுத்த வேலை வந்ததும் அழைக்கிறேன்" என்றேன். செல் வேலை இனி வாராது என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர்களுள் இருவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அன்று சொல்லத் துணியாததை இன்று உங்கள் முன்னிலையில் அவர்களிடம் சொல்லவே, செயலாளரின் அழைப்பை ஏற்றேன்.