ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும்



நிலம் வாங்கினால் பத்திரம் பதிவு செய்கிறோம். பத்திரம் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கிறது. வீட்டில் உள்ள பத்திரம் தொலைந்தால் என்ன செய்கிறோம்? அங்கே மனுப் போட்டு நகல் வாங்குகிறோம். அந்த நகல் இல்லை என்றால் நம் கதி என்ன? எண்ணிப் பாருங்கள்.

இன்று பல ஊர்களில் மகளிர் குழுக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறுகிறது. யார் எவ்வளவு சேமித்தார்? யார் கடன் வாங்கினார்? எத்தனை தவணை கட்டினார்? எல்லாம் அதில் இருக்கிறது.

அந்தக் கணக்கு அழிந்தால் என்ன ஆகும்? "நான் கட்டிவிட்டேன்" என்பார் ஒருவர். "கட்டவில்லை" என்பார் மற்றொருவர். எதைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது? கணக்கு மட்டுமா போகும்? ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் போகும்.

கம்ப்யூட்டரில் உள்ளது எப்படி அழியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. நாம் எழுதுவது எல்லாம் அதில்தான் தங்குகிறது. பல கம்ப்யூட்டர்களில் அது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 முறை, 7200 முறை சுழலும். ஓடும் பொருள் தேயும் அல்லவா? புதிய கம்ப்யூட்டர்களில் தட்டு இல்லை. சில்லு இருக்கிறது. அதுவும் ஒரு நாள் பழுதாகலாம். சில நேரம் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது.

இடி மின்னல் வரலாம். வெள்ளம் வரலாம். திருட்டுப் போகலாம். நம் கையே தவறி அழித்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில கெட்டவர்கள் இன்டர்நெட் வழியாக உள்ளே நுழைகிறார்கள். நம் கணக்கைப் பூட்டுப் போட்டுப் பூட்டுகிறார்கள். "பணம் கொடு, திறக்கிறோம்" என்று மிரட்டுகிறார்கள். 2017 மே மாதம் இப்படி ஒரு வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களையும் அது விடவில்லை.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை நின்றது. ஐந்து சர்வர்களில் இருந்த தகவல்களை யாரோ பூட்டிவிட்டார்கள். சர்வர் என்பது பெரிய கம்ப்யூட்டர். நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். ஊழியர்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். நிலைமை ஓரளவு சீராக இரண்டு வாரம் ஆனது.

நோயாளிகளின் தகவல்கள் எப்படி மீண்டன தெரியுமா? நகல் வைத்திருந்த சர்வர் ஒன்று தப்பியிருந்தது. அதிலிருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

பெரிய மருத்துவமனையைக் காப்பாற்றியது நகல். அதற்குத்தான் பேக்கப் என்று பெயர். அதை நாமும் செய்யலாம்.

இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். ஒன்றில் 1 என்றும், மற்றதில் 2 என்றும் எழுதி ஒட்டுங்கள்.

இந்த வாரம் முதல் பென் டிரைவைச் செருகுங்கள். கணக்கு உள்ள ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள். பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். அடுத்த வாரம் இரண்டாவதில் செய்யுங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஏன்? இந்த வாரக் கணக்கு தவறாக ஏறியிருந்தாலும் போன வாரக் கணக்கு பத்திரமாக இருக்கும்.

மூன்று செய்திகளை மறக்காதீர்கள்.

ஒன்று: காப்பி செய்ததும் பென் டிரைவில் உள்ள கணக்கைத் திறந்து பாருங்கள். திறக்காத நகலால் என்ன பயன்?

இரண்டு: வேலை முடிந்ததும் பென் டிரைவை முறைப்படி கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் கம்ப்யூட்டரைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

மூன்று: ஒரு பென் டிரைவ் வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். ஒரே வீட்டில் வைத்தால் ஒரே வெள்ளத்தில் எல்லாம் போய்விடும். கணக்கு வெளியார் கையில் சிக்காமல் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

பென் டிரைவும் என்றென்றும் உழைக்காது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதியது வாங்கி மாற்றுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். "கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை வேலைக்கு வெளியூர் போகலாம். ஆகவே குழுவில் மூன்று பேராவது பழகிக்கொள்ளுங்கள். யார், என்றைக்கு நகல் எடுத்தார் என்பதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மாதம் ஒரு முறை கணக்கைக் காகிதத்தில் அச்செடுங்கள். கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரையும் தொகையையும் தாமே பார்த்துச் சரி சொல்லட்டும். மின்சாரம் இல்லாத நாளிலும் அந்தக் காகிதம் பேசும்.

அந்தக் காலத்தில் கணக்கு யாரோ ஒருவர் கையில் இருந்தது. அவர் சொன்னதே கணக்கு. இன்று நாம் எழுதப் படிக்கக் கற்றோம். கணக்கு நம் கைக்கு வந்தது. அதைத் தொலைக்கலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டு பென் டிரைவுடன் வாருங்கள். சேர்ந்து நகல் எடுப்போம்.